வாசலுக்கு வரும் கணக்கெடுப்பு

வியாபாரிகளாகிய நமக்கு இருப்பெடுப்பைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. கல்லாவில் விழுந்த காசையும் பேரேட்டில் ஏறிய பற்றையும் மட்டும் பார்த்துக் கடையின் நிலையை முடிவு செய்கிறவர் ஏமாந்து போவார் என்பது நம் கடைப் பையனுக்கும் தெரியும். ஆகவேதான் ஆண்டுக்கொரு முறை கதவைச் சாத்திவிட்டு, அலமாரியின் அடித்தட்டு வரை கையை விட்டு எண்ணிப் பார்க்கிறோம். எலி கடித்த மூட்டையும் நாள் கடந்த டின்னும் அப்போதுதான் வெளியே வருகின்றன.

மக்களின் உடல்நலத்துக்கும் இத்தகைய இருப்பெடுப்பு உண்டு. வீடு வீடாகச் சென்று, குடியிருப்போரைக் கேட்டும் சோதித்தும் எடுக்கும் சுகாதாரக் கணக்கெடுப்பே அது. அதனால் விளைந்த நன்மை என்ன, நம்மவர் அதில் ஏன் அக்கறை கொள்ள வேண்டும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஆஸ்பத்திரியில் பதிவேடு இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அந்த ஏட்டில் ஏறுவது வந்தவர் பெயர் மட்டுமே. வலி பொறுக்க முடியாதவர் வருவார். வேலையை விட்டு வர இயன்றவர் வருவார். வராதவர் ஏட்டில் இல்லை. இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் நீரிழிவோ, ஆண்டுக்கணக்கில் வலியே காட்டாமல் உடம்புக்குள் குடியிருக்கும் நோய். கண்ணையும் சிறுநீரகத்தையும் காலின் நரம்பையும் அரித்த பிறகு தெரியவரும்போது பாதிச் சரக்கு கெட்டுப் போயிருக்கும். இப்படிப்பட்ட நோயை ஆஸ்பத்திரி ஏட்டைக் கொண்டு அளப்பது, கடைக்கு வராத வாடிக்கைக்காரரைக் கல்லாவில் தேடுவது போன்றது.

வாசலைத் தட்டிப் பார்க்கும் இந்த முறை நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. சிங்கப்பூரில் மரண விகிதம் கவலை தரும் அளவில் இருந்தபோது, 1906-ஆம் ஆண்டு பேராசிரியர் சிம்ப்சன் என்னும் சுகாதார நிபுணரை அரசாங்கம் அழைத்தது. அவர் நெருக்கமான தெருக்களின் வீடுகளை உள்ளே புகுந்து ஆராய்ந்தார். முன்னும் பின்னும் நீண்டு கிடந்த கடைவீடுகள், வெளிச்சமும் காற்றும் நுழையாத சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு, ஒவ்வோர் அறையிலும் ஆட்கள் நெருங்கிக் கிடந்ததை 1907-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை படம் வரைந்து காட்டியது. முதுகோடு முதுகு ஒட்டி நின்ற வீட்டு வரிசைகளுக்கிடையே பின்சந்து வெட்ட வேண்டும் என்பது அவர் சொன்ன யோசனைகளுள் முக்கியமானது. இன்று சிங்கப்பூரின் பழைய கடைத்தெருக்களில் நாம் சரக்கு இறக்கும் பின்சந்துகள் பல அந்த யோசனையின் வழி வந்தவையே. பின்னர் 1950-களில் பாரிங்டன் கேய் என்பவர் அப்பர் நான்கின் தெரு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கு வாழ்ந்த சீனக் குடும்பங்களை விசாரித்து எழுதிய நூல் 1960-இல் வெளியாயிற்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

இனி மலேசியாவுக்கு வருவோம். அங்கே சுகாதார அமைச்சு தேசிய உடல்நல, நோய்நிலைக் கணக்கெடுப்பை 1986-இல் தொடங்கியது. பத்தாண்டுக்கு ஒரு முறையாக 1996-இலும் 2006-இலும் நடந்த அது, 2011 முதல் ஆண்டுதோறும் வெவ்வேறு பொருள் பற்றி நடந்து வருகிறது. எல்லா வீட்டையும் தட்டுவதில்லை. புள்ளிவிவரத் துறை நாட்டைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றுள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, அந்த வட்டாரத்துக்குள் சில வீடுகளை மறுபடியும் அவ்வாறே எடுக்கிறார்கள். அரிசி மூட்டையின் மேலும் நடுவிலும் அடியிலும் கொக்கியைக் குத்தி ஒரு பிடி எடுத்துப் பார்க்கிறோமே, அதே நியாயம்தான். மேல் பிடியை மட்டும் பார்த்தால் மோசம் போவோம். தேர்ந்தெடுத்த வீட்டுக்கார் கதவைத் திறக்கவில்லை என்பதற்காக அடுத்த வீட்டில் எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டு போனால் கணக்கு கெட்டுவிடும். ஆகவே அவர்கள் மறுபடியும் வருவார்கள்.

வந்தவர்கள் கேள்வி கேட்பதோடு நிற்பதில்லை. உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள். சீனி அளவு குறித்த வரம்புக்குக் குறையாமல் இருந்தால் இனிப்பு நீர் என்று கணக்கில் கொள்வார்கள். இந்த ஒரு சொட்டுதான் கதையை வெளியே கொண்டுவந்தது. 18 வயதுக்கு மேற்பட்டோரில் நோயுள்ளவர் 2006-இல் நூற்றுக்கு 11.6 பேர், 2011-இல் 15.2, 2015-இல் 17.5, 2019-இல் 18.3. கடைசியாகச் சொன்னது ஏறத்தாழ 39 லட்சம் பேர். அவர்களுள் 9.4 பங்கினர் தமக்கு நோய் உண்டென்று அறிந்தவர்கள். மீதி 8.9 பங்கினர் விரலைக் குத்திய அன்றுதான் அகப்பட்டார்கள். இரண்டு பேரில் ஒருவருக்குத் தம் உடம்பின் நிலை தெரியவில்லை! 2023-இல் விகிதம் 15.6 ஆகக் குறைந்தது. அறியாதோர் அப்போதும் ஐந்தில் இருவர் வீதம் இருந்தார்கள்.

இந்தியர் என்ற வரியில் 2019-ஆம் ஆண்டுக் கணக்கு காட்டிய விகிதம் 31.4. மூவரில் ஒருவருக்குச் சற்றே குறைவு. சிங்கப்பூரில் 2010-இல் எடுத்த கணக்கும் இதே திசையைக் காட்டிற்று: நாட்டின் மொத்த விகிதம் 11.3, இந்தியர் 17.2, மலாய்க்காரர் 16.6. நம்மில் சிலர் இந்தியர் கட்டத்திலும் வேறு சிலர் மலாய்க்காரர் கட்டத்திலும் பதிவாகி இருக்கிறோம். எந்தக் கட்டமானாலும் ஆறுதல் இல்லை என்பது ஒருபுறமிருக்க, தமிழ் முஸ்லிம்கள் என்று தனி வரி இரு நாட்டுக் கணக்கிலும் கிடையாது என்பதை வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும். இதற்குப் பின்னர் வருவோம்.

கணக்கெடுத்துப் பயன் என்ன என்று கேட்கும் உணவுக்கடைக்காரர்கள் தம் கொள்முதல் சீட்டைப் புரட்டிப் பார்க்கலாம். 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் மலேசிய அரசாங்கம் சீனிக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்திக் கிலோவுக்கு 34 சென் விலை ஏறியபோது, நாட்டில் பெருகிவிட்ட இனிப்பு நீர் வியாதியும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2019 ஜூலை முதல் தேதியன்று இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. பின்னர் அதுவும் கூடியது. சிங்கப்பூர் அரசாங்கம் 2016-இல் நீரிழிவின் மீது போர் என்றே அறிவித்து, 2022 இறுதியில் புட்டிப் பானங்களுக்கும், 2023 இறுதியில் கடையில் கலக்கும் பானங்களுக்கும் இனிப்பைக் காட்டும் எழுத்துக்குறியைக் கொண்டுவந்தது. டின் பாலும் சீனியும் போட்டுத் தே தாரிக் ஆற்றுவது நம்மவர் தொழில். அதைக் குடித்துக்கொண்டே இரவு இரண்டு மணி வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பதும் நம்மவர்தாம். ஆகவே இந்தக் கணக்கு இருபுறமும் நம்மைத் தொடுகிறது.

அப்படியிருக்க, கணக்கெடுப்பவர் வரும்போது நாம் எங்கே? காலையில் கடைக்குப் போனவர் நள்ளிரவில் திரும்புகிறார். "அவர் கடைக்குப் போயிருக்கிறார்" என்று வீட்டிலிருந்து பதில் வருகிறது. இன்னும் சிலர், வரிக்காரரோ என்று எண்ணி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதாகவும் கேள்வி. ஊரிலிருந்து வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருக்கும் கடைப் பையன்களோ கணக்கிலேயே சேர்வதில்லை. விடுதி, ஹோட்டல், ஆஸ்பத்திரி போன்ற கூட்டு இருப்பிடங்கள் அந்த முறைக்கு வெளியே விடப்பட்டவை. முதலாளியும் இல்லை, பையனும் இல்லை என்றால் அந்த ஏட்டில் மிஞ்சுவது யார்?

ஆகவே நம் சங்கங்களே சிறு அளவில் கணக்கெடுக்கலாம் என்பது என் எண்ணம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். சில எச்சரிக்கைகள் வேண்டும். சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வது வீண் வேலை. அது ஆஸ்பத்திரி ஏட்டின் குறையைத் திரும்பச் செய்வதாகும். அங்கத்தினர் பட்டியலில் ஐந்தாவது பெயர், பத்தாவது பெயர் என்று எடுத்து, அவர் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். கடையில் இருந்தால் கடைக்கு, அதுவும் கூட்டம் ஓய்ந்த பிற்பகலில். பையன்களை விசாரிக்க முதலாளி போகக்கூடாது; போனால் எல்லாப் பையன்களும் சுகமாகவே இருப்பார்கள். பெண்களைப் பெண்களே கேட்கட்டும். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும்.

கேள்வியும் யோசித்துக் கேட்க வேண்டும். "சுகமாக இருக்கிறீர்களா?" என்றால் நம்மில் எவரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றுதான் சொல்வார். அது மரியாதை, தகவல் அன்று. "கடைசியாக எந்த மாதம் இரத்தம் சோதித்தீர்கள்? நேற்று எத்தனை கோப்பை தே குடித்தீர்கள்? எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?" என்று கேட்டால் பதில் எண்ணாக வரும். நோய் உள்ளவரிடம், நோன்பு மாதத்தில் மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டாரா என்பதை அவசியம் கேட்க வேண்டும். 2001-இல் மலேசியா உட்பட 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளை விசாரித்தபோது, பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு 79 பேர் ரமலானில் பதினைந்து நாளுக்குக் குறையாமல் நோன்பு வைத்ததும், சீனி ஆபத்தான அளவு இறங்கிப் போவது அந்த மாதத்தில் பல மடங்கு கூடியதும் தெரியவந்தன. நோயாளிகள் மருத்துவரிடம் தாமாகச் சொல்லாததைக் கேள்வித்தாள் சொல்லிற்று.

செய்ய முடியாததைக் கேட்காதிருப்பது நல்லது. சோதிக்காதவர் இத்தனை பேர் என்று தெரிந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாதி ஒருவரை அழைத்து விரல் குத்திப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். சீனி கூடியவரை கிளினிக்குக்கு அனுப்பலாம். மலேசிய அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். வெளிநாட்டுப் பையன்களுக்கு அதைவிடக் கூடுதலாகும். அந்தச் செலவை முதலாளிகள் ஏற்பார்களா என்பதைக் கணக்கெடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுவது உத்தமம். கணக்கின் முடிவைப் பதில் சொன்னவர்களுக்கே முதலில் படித்துக் காட்ட வேண்டும். மறு ஆண்டு அதே கேள்விகளை, ஒரு சொல்லையும் மாற்றாமல், அதே மாதத்தில் கேட்க வேண்டும். நோன்பு மாதத்தில் குடித்த தேயையும் மற்ற மாதத்தில் குடித்த தேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதுவும் விளங்காது.