பேரெண் ஒன்று முதன்மை எண்தானா?

தேயிலை நாற்று மேடையில் 91 கன்றுகளைச் சமவரிசைகளாக அடுக்குவோமாயின், வரிசைக்குப் பதின்மூன்றாக ஏழு வரிசைகள் அமையும். 97 கன்றுகளையோ ஒரே நீள்வரிசையிலன்றி வேறெவ்வாறும் மிச்சமின்றி அடுக்குதல் இயலாது. இவ்வாறு, ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாததும் ஒன்றினும் பெரியதுமான எண்ணை முதன்மை எண் என்கிறோம். ஒன்றின் மேற்பட்ட ஏனையவை சேர்த்தி எண்கள். முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்கிளிட்டு ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவினார். ஆயின், நம்முன் வைக்கப்படும் பேரெண் ஒன்று முதன்மை எண்தானா என அறிவது எங்ஙனம்?

வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தலே நாம் பள்ளியிற் கற்ற வழி. 97க்கு 2, 3, 5, 7 என்னும் நான்குமே போதும். நூறு இலக்க எண்ணொன்றுக்கோ, நொடிக்குக் கோடி கோடி முறை வகுப்பினும் உலகின் வயது போதாது.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெர்மா வேறொரு வழி காட்டினார். 2இன் ஏழாம் வலுவாகிய 128இலிருந்து 2ஐக் கழிப்பின் 126. அஃது 7ஆல் வகுபடும். ஒன்பதாம் வலுவாகிய 512இலிருந்து 2ஐக் கழிப்பின் 510. அஃது 9ஆல் வகுபடாது. ஆகவே, காரணி தேடாமலே 9 சேர்த்தி எண் எனத் துணியலாம். எனினும் 11ஐயும் 31ஐயும் பெருக்கி வரும் 341, முதன்மை எண்போல நடித்து இச்சோதனையில் தேறிவிடுகிறது.

ஏமாற்றத்துக்கு இடமளியாத சோதனை ஈருறுப்புத் தேற்றத்திலேயே உள்ளது. (1 + ய) என்பதன் ஏழாம் வலுவை விரிப்பின் குணகங்கள் 1, 7, 21, 35, 35, 21, 7, 1 ஆகும். ஈற்று ஒன்றுகள் நீங்க, யாவும் 7ஆல் வகுபடும். ஆறாம் வலுவில் வரும் 15உம் 20உம் 6ஆல் வகுபடா. முதன்மை எண்ணாயின் இப்பண்பு என்றும் உண்டு. சேர்த்தி எண்ணாயின் ஒருபோதும் இல்லை. ஆனால் நூறு இலக்க வலுவின் விரிவை எவரால் எழுத முடியும்?

இவ்விடரை 2002ஆம் ஆண்டிற் களைந்தவர்கள் இந்தியாவின் கான்பூர்த் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் முதற்பட்டப் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் மாணவர் இருவருமாவர். விரிவு முழுவதையும் எழுதாது, 'ய'வின் தக்கதொரு சிறு வலுவில் 1 குறைந்த கோவையால் வகுத்து, மீதியைச் சில தடவைகள் மட்டும் ஒப்பிட்டாற் போதும் என அவர்கள் நிறுவினர். இலக்கங்கள் பெருகினும் வேலை கட்டுக்கடங்கி நின்றது. நடைமுறையில் இதனினும் விரைவான சோதனைகள் உள; எனினும் ஐயத்துக்கும் நிறுவப்படாத எடுகோளுக்கும் இடமின்றி, எல்லா எண்ணுக்கும் இத்தகைய விரைவில் விடை தந்த முதல் வழி இதுவே. 2006இல் இதற்குக் கோடல் பரிசு கிடைத்தது.

ஓர் எண் சேர்த்தி எண் என அறிதல் வேறு; அதன் காரணிகளைக் காணுதல் வேறு. 2இன் 67ஆம் வலுவில் 1 குறைந்த எண் சேர்த்தி எண்ணென 1876இல் லூக்காசு காட்டினார். அதன் காரணிகளாகிய 193707721, 761838257287 என்பவற்றைக் கோல் என்பார் 1903இலேதான் வெளியிட்டார். இவ்விரு பணிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை நம்பியே இன்று இணையவழிச் செய்திகள் பல மறைமொழியிற் காக்கப்படுகின்றன.

உயர்கணிதம் தமக்குரியதன்று என நம் மலைநாட்டு மாணவர் சிலர் ஒதுங்குவதை நாம் கண்டிருக்கிறோம். பரீட்சைக்காக மனனஞ் செய்யும் தேற்றமொன்றினுள்ளேயே இம்முடிவின் வித்து உறங்கிக் கிடந்தது. தாளும் எழுதுகோலும் கொண்டு பதினோராம் வலுவையும் பதினைந்தாம் வலுவையும் அவர்கள் தாமே விரித்துப் பார்ப்பாராக.