ஆணை அதிகாரமின்றிப் பொதுவேலை நடத்துதல்

வாய்க்காற் பிரதிநிதிகளுக்கும் கமக்காரர் அமைப்புகளை நடத்துவோருக்கும் உரிய பாடம்

1. பாடத்தின் நோக்கம்

உழுதல், விதைத்தல், களை பிடுங்குதல், பசளையிடுதல் ஆகிய வேலைகளைக் கமக்காரர் ஒருவர் தமது வயலிலே தனித்துச் செய்துகொள்ளலாம். ஆனால் வாய்க்காலைத் துப்புரவாக்குதல், நீரை முறை வைத்துப் பங்கிடுதல், குறித்த திகதிக்கு முன் கால்நடைகளை வட்டையிலிருந்து அப்புறப்படுத்துதல், யானை வேலியின் கீழ் வளரும் பற்றைகளை வெட்டுதல் ஆகியன தனியொருவரால் ஆவனவல்ல. இவற்றில் பத்துப் பேருள் ஒருவர் தவறினாலும் ஏனைய ஒன்பது பேரின் உழைப்பு வீணாகும். வட்டையில் ஒரு வயல் பிந்தி விதைக்கப்படின், அறக்கொட்டி எனப்படும் கபிலத் தத்தி அறுவடையான வயல்களை விட்டு அவ்வயலிற் சென்று தங்கிப் பெருகும்.

இவ்வாறான வேலைகளை முன்னின்று நடத்துவதற்குக் கமக்காரர் தம்முள் ஒருவரைத் தெரிவு செய்கின்றனர். அவரால் எவருக்கும் சம்பளம் கொடுக்கவும் இயலாது. தம் விருப்பப்படி தண்டிக்கவும் இயலாது. அயலவரும் உறவினரும் வயதில் மூத்தோருமே அவருக்குக் கீழ் வேலை செய்ய வேண்டியவராவர். இந்நிலையில் அவர் தமது சொல்லாலும் நடத்தையாலும் வேலையை நிறைவேற்றுவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

2. பழைய முறையும் இன்றைய நிலையும்

முற்காலத்தில் வயல்வெளிகளின் நீர்ப்பங்கீட்டையும் வாய்க்கால் வேலைகளையும் வட்டை விதானை கவனித்து வந்தார். அவருக்கு அறுவடையில் ஒரு பங்கு ஊதியமாகக் கிடைத்தது. அவர் சொல்லுக்கு அரசின் பலமும் ஊர்ப் பெரியோரின் பலமும் துணை நின்றன. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பொறுப்பைக் கமக்காரர் தெரிவு செய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. அதன்பின் சட்டங்கள் பலமுறை மாறின. இன்று கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. வட்டை விதானை என்ற பெயர் கிழக்கில் இன்றும் வழங்கினும், பெயருக்குப் பின்னிருந்த பழைய ஆணையதிகாரம் இல்லை.

அதிகாரம் குறைந்ததனால் வேலை குறையவில்லை. ஆகவே கட்டளையின் இடத்தை வேறொன்று நிரப்புதல் வேண்டும். அஃது யாதென்பதை அம்பாறை மாவட்டத்திலேயே நிகழ்ந்த ஓர் அனுபவம் தெளிவாகக் காட்டுகின்றது.

3. கல்லோயாவில் நிகழ்ந்தது

1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ், இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் அதன் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தும் மதகுகள் உடைந்தும் கிடந்தன. தலைப்பகுதியில் உள்ளவர் தேவைக்கு மேல் நீரை எடுத்தனர். கடைப்பகுதியில் உள்ளவர் நீரின்றி வாடினர். கமக்காரர் நீரை விரயம் செய்கின்றனர் என அதிகாரிகளும், அதிகாரிகள் நீரை ஒழுங்காக விடுவதில்லை எனக் கமக்காரரும் ஒருவரையொருவர் குறை கூறினர்.

வாய்க்கால்களைப் புனரமைக்கும் வேலை தொடங்கியபோது, கமக்காரரை ஒன்றுசேர்க்கும் பொறுப்பைக் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் ஏற்றன. 1981ஆம் ஆண்டின் முற்பகுதியில், அமைப்பாளர் எனப் பெயர் பெற்ற இளம் பட்டதாரிகள் கிராமங்களிலே குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு மதகின் திறப்பும் இல்லை. வழக்குத் தொடரும் அதிகாரமும் இல்லை. பங்கிடுவதற்குப் பணமும் இல்லை. அவ்வாண்டுச் சிறுபோகத்தின் தொடக்கத்தில் நீர்த்தேக்கம் காற்பங்கே நிரம்பியிருந்தது. முதன்முதலாக ஓர் அமைப்பை உருவாக்குவதற்கு இதனினும் கடினமான காலம் வேறில்லை என்றே எவரும் கருதியிருப்பர்.

அமைப்பாளர் முதலில் கூட்டம் கூட்டவில்லை. ஒவ்வொரு கமக்காரரையும் வீட்டிலும் வயலிலும் தனித்தனியே சந்தித்தனர், குறைகளைக் கேட்டறிந்தனர், வாய்க்கால் வழியே நடந்தனர். அதன்பின் ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் பத்து முதல் இருபது பேர் வரையானோரைச் சிறு குழுவாகச் சேர்த்து, அவர்களாற் செய்யக்கூடிய ஒரு வேலையை அவர்களே தெரிந்தெடுக்கச் செய்தனர். வேலை முன்னும் அமைப்பு பின்னுமாக வந்தன. பிரதிநிதி வாக்கெடுப்பினாலன்றி, அனைவரின் உடன்பாட்டினாலேயே தெரிவு செய்யப்பட்டார். அவர் ஊதியம் பெறவில்லை.

ஆறு வாரங்களுக்குள், 5,000 ஏக்கர் கொண்ட முன்னோடிப் பரப்பில் மிகப் பெரும்பான்மையான கமக்காரர் கூட்டு முயற்சியில் இறங்கினர். பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை மண்வெட்டி படாதிருந்த வாய்க்கால்கள் சிரமதானத்தினால் துப்புரவாயின. நீர் முறை வைத்துப் பங்கிடப்பட்டது. சில வாய்க்கால்களில் உள்ளோர் தாம் மிச்சம் பிடித்த நீரைக் கீழ்ப்புறத்தாருக்கு விட்டுக்கொடுத்தனர். மேற்புறத்தில் சிங்களக் கமக்காரரும் கடற்கரையை அண்டிய கீழ்ப்புறத்தில் தமிழ் பேசும் கமக்காரரும் வாழும் பள்ளத்தாக்கு இது. 1956ஆம் ஆண்டில் இனக்கலவரத்தால் உயிர்கள் பலியான இடமும் இதுவே. அத்தகைய இடத்தில் நீரைக் கீழே விடுதல் சிறிய செயலன்று.

பின்னர் 1988ஆம் ஆண்டில், கமக்காரர் பங்கேற்கும் நீர் முகாமைத்துவத்தை அரசு தன் கொள்கையாக ஏற்றது. வெளி உதவி நின்று பல ஆண்டுகள் கழிந்த 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கத்தில் நீர் மிகவும் குறைந்திருந்தது; நெற்செய்கைக்கு அது போதாதென அதிகாரிகள் கருதினர். ஆயினும் கமக்காரர் சிக்கனமாகப் பங்கிடும் பொறுப்பைத் தாமே ஏற்று, 65,000 ஏக்கரில் நெல் விளைவித்து வழக்கத்தினும் மேலான அறுவடையைப் பெற்றனர். அமைப்பாளர் சென்ற பின்னரும் அவர் விதைத்த பழக்கம் நிலைத்தது என்பதற்கு இது சான்றாகும்.

4. பொத்துவிலுக்கு ஏற்ற முறைகள்

பொத்துவில் வயல்களுக்குக் கல்லோயா நீர் எட்டுவதில்லை. அவற்றுட் பெரும்பாலானவை மழையையும் சிறு குளங்களையும் நம்பியவை. எனினும் மனிதரைச் சேர்த்து வேலை செய்யும் முறை எங்கும் ஒன்றே.

(அ) முதலிற் கேட்டல். பிரதிநிதி பேசுவதற்கு முன் கேட்க வேண்டும். ஆரம்பக் கூட்டத்திற்கு இரு வாரங்களுக்கு முன்னரேயே வாடிகளுக்கும் வீடுகளுக்கும் சென்று, சென்ற போகத்தில் யாருக்கு என்ன இடர் நேர்ந்தது என்பதை அறிதல் நன்று. காணிக்காரரோடு மட்டும் பேசினாற் போதாது. வயலில் நிற்பவர் முல்லைக்காரர் அல்லது குத்தகைக்காரர் ஆவார். வக்கடையைத் திறப்பதும் அடைப்பதும் அவரே. கிழக்குக் கரையில் வயற்காணி சீதனமாகப் பெண்களின் பெயரில் இருப்பது வழக்கம். ஆகவே அவர்களின் கருத்தையும் அறியாது எடுக்கும் முடிவு அரை முடிவே.

(ஆ) அறிவித்தலையும் உடன்பாட்டையும் வேறுபடுத்தி அறிதல். ஜும்ஆவின் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தால் செய்தி அனைவரையும் சென்றடையும். ஆனால் அதனால் எவரும் பொறுப்பேற்றவராகார். ஒரு வாய்க்காலின் பன்னிருவர் மரநிழலில் கூடி மஷூரா செய்து, “இன்னார் இந்த நாளில் இத்தனை முழம் வெட்டுவார்” என முடிவு செய்தாலே வேலை நடக்கும். பெருங்கூட்டத்தில் வாய் திறவாதவர் சிறு குழுவிற் பேசுவார். தாம் பேசி ஏற்ற முடிவை மீறுவதற்கு மனிதர் கூசுவர்.

(இ) உண்மையான கணக்கை அனைவருக்கும் விளங்கும் அளவில் உரைத்தல். குளத்தில் இத்தனை ஏக்கர்-அடி நீர் உண்டு என்பது பலருக்கு விளங்காது. அதனை மணிக்கணக்காக மாற்றிக் கூற வேண்டும். எடுத்துக்காட்டாக, 36 ஏக்கருக்கு நீர் செல்லும் ஒரு வாய்க்காலில் மூன்று நாட்களுக்கு நீர் விடப்படின், அது 72 மணி நேரமாகும். ஏக்கருக்கு 2 மணி நேரம் கிடைக்கும். மூன்று ஏக்கர் உடையவருக்கு 6 மணி நேரம். அரை ஏக்கர் உடையவருக்கு 1 மணி நேரம். இக்கணக்கைத் தாளில் எழுதி எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டிவிட்டால், ஐயமும் முறைப்பாடும் பெரிதும் குறையும். நீர் குறைவாயின் அதனை மறைத்தலாகாது. ஒருமுறை பொய்த்த கணக்கு அடுத்த போகத்திலும் நம்பப்படாது.

(ஈ) விட்டுக்கொடுத்தலைத் தம்மிலிருந்து தொடங்குதல். பிரதிநிதியின் வயல் மதகடியில் இருப்பின், முறையைக் கடைவயலில் தொடங்கித் தமது வயலில் முடித்தல் தகும். சிரமதானத்திற்கு முதலில் வருபவரும் இறுதியிற் செல்பவரும் அவராகவே இருத்தல் வேண்டும். பத்து உரைகளால் ஆகாதது இதனால் ஆகும்.

(உ) தவறியவரிடம் தனியே பேசுதல். வேலைக்கு வராதவரைக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் குறை கூறினால், அவர் தம் மானத்தைக் காக்க எதிர்த்து நிற்பார். முதலில் அவர் வீட்டிற்குச் சென்று காரணம் கேட்க வேண்டும். நோய், கடன், பழைய மனத்தாங்கல் என ஏதேனும் இருக்கும். வேலைக்கு வர இயலாதவர் மாற்றாள் அனுப்பலாம். அல்லது வந்தோருக்குத் தேநீர், உணவு ஏற்பாடு செய்யலாம். பின்னரும் இணங்காதவரிடம் அவர் மதிக்கும் உறவினரையோ பெரியோரையோ அனுப்பலாம். சட்டத்தின் வழி இறுதியானது. அது தேவையற்றதன்று, ஆயினும் முதற்படியாகப் பயன்படுத்தத் தக்கதன்று.

(ஊ) அதிகாரிகளோடு பேசுதல். உத்தியோகத்தரிடம் “நீர் வரவில்லை” என முறையிடுவதிலும், “இந்த மதகின் பலகை உடைந்துள்ளது, இத்தனை ஏக்கர் பாதிக்கப்பட்டுள்ளது, வாய்க்காலை நாங்கள் துப்புரவாக்கிவிட்டோம், பலகையைத் திருத்தித் தர வேண்டும்” எனக் கூறுதல் பயன் தரும். தம் பங்கை முதலில் முடித்தவரின் கோரிக்கையைத் தட்டிக் கழித்தல் எவருக்கும் கடினம். இயலுமாயின் உத்தியோகத்தரை அழைத்துச் சென்று வாய்க்கால் வழியே உடன் நடத்தல் சிறந்தது. கல்லோயாவிலும் பொறியியலாளரும் கமக்காரரும் ஒன்றாக வாய்க்கால் வழி நடந்து பார்த்தபோதே புனரமைப்பின் பல குறைகள் வெளியாயின.

5. மரக்கறிச் செய்கையாளருக்கு

கத்தரி, வெண்டி, பயிற்றை, மிளகாய் ஆகியவற்றைச் செய்கை பண்ணுவோர் தத்தம் கிணற்றை நம்பியிருப்பதனால், கூட்டு வேலை தமக்குத் தேவையில்லை எனக் கருதுவதுண்டு. எனினும் பூச்சி வேலியறியாது. ஒரு தோட்டத்தில் நோயுற்ற செடிகளைப் பிடுங்கி அழிக்காதுவிடின் அயல் தோட்டங்களும் கெடும். அனைவரும் ஒரே வாரத்தில் ஒரே பயிரை நடுவதனால் விலை வீழும். நான்கைந்து தோட்டக்காரர் கூடி, யார் எதனை எப்போது நடுவது எனப் பேசி முடிவு செய்தாலும், சேர்ந்து ஒரே வண்டியில் சந்தைக்கு அனுப்பினாலும் ஆதாயம் உண்டு. இங்கும் சிறு குழு, தெளிந்த கணக்கு, முன்மாதிரி ஆகிய மூன்றுமே வழியாகும்.

6. தவிர்க்க வேண்டியவை

நிறைவேற்ற இயலாத வாக்குறுதியை அளித்தல். தம் உறவினருக்கு முறையை மாற்றிக் கொடுத்தல். கட்சிச் சார்பை அமைப்பினுள் புகுத்துதல். கூட்டத்தில் எடுத்த முடிவைப் பின்னர் தனித்து மாற்றுதல். கணக்கைக் காட்ட மறுத்தல் ஆகிய ஐந்தும் பிரதிநிதியின் சொல்லை வலுவிழக்கச் செய்வன. நம்பிக்கை பல போகங்களிற் சேர்வது; ஒரே இரவில் மதகைத் திருட்டாகத் திறந்தால் அது முழுவதும் வடிந்துவிடும்.

7. கூடிப் பேசுவதற்குரிய வினாக்கள்

கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் கீழ்வரும் வினாக்களைப் பற்றிக் கலந்துரையாடுதல் பயனளிக்கும்.

1. எங்கள் வாய்க்காலில் அல்லது வட்டையில் இறுதியாக நீர் பெறுபவர் யார்? அவரது குறையைச் சென்ற போகத்தில் யாரேனும் கேட்டறிந்தனரா?

2. எங்கள் முடிவுகளுள் எவை அறிவித்தலாலும் எவை உடன்பாட்டினாலும் வந்தன? எவை நிறைவேறின?

3. நீர் முறையின் கணக்கு மணி நேரத்தில் எழுதப்பட்டு எல்லாரும் காணும் இடத்தில் உள்ளதா?

4. இந்தப் போகத்தில் எவர் உதவியும் இன்றி நாங்களே ஒரு நாளிற் செய்து முடிக்கக்கூடிய வேலை எது?

நான்காம் வினாவிற்கு விடை கண்டவுடன் அவ்வேலைக்குத் திகதி குறித்தல் வேண்டும். பெரிய திட்டத்தைப் பற்றிப் பலநாள் பேசுவதிலும், ஒரு சிறு வேலையைக் கூடி முடித்தல் மக்களை நெருங்கச் செய்யும். முடித்த வேலையே அடுத்த வேலைக்கு அழைப்பாகும். ஆரம்பக் கூட்டம், விதைப்புத் திகதி, அமைப்பின் பதிவு ஆகியன பற்றிய மேலதிக விபரங்களை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திற் பெற்றுக்கொள்ளலாம்.