குழந்தைகளின் மலச்சிக்கலும் சிறுநீர்க் கசிவும்: இயன்முறைச் சிகிச்சையாளர்களுக்கு ஒரு பாடம்

இந்தப் பாடம் இயன்முறைச் சிகிச்சையாளர்களுக்காக எழுதப்பட்டது. பிசியோதெரபிஸ்ட் என்றுதான் ஊரில் சொல்கிறோம். கிராம சுகாதாரச் செவிலியர்களும் படிக்கலாம். ஏனென்றால் இந்த விஷயத்தில் தாய் முதன்முதலாக வாய் திறப்பது பெரும்பாலும் அவர்களிடம்தான்.

முழங்கால் வலி, பக்கவாதம், முதுகுப் பிடிப்பு என்று வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவரிடம், "பிள்ளை ஜட்டியிலேயே போயிடறான் மேடம்" என்று ஒரு தாய் வந்து நின்றால், 'இது நம்ம வேலையா?' என்று தோன்றும். நம் வேலைதான். சிறுநீர்ப்பையின் வாயையும் ஆசனவாயையும் மூடித் திறப்பவை தசைகள். முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளி கட்டியது போல ஒரு தசைத்தளம் இருக்கிறது. அது இறுகினால் வாசல் மூடும், தளர்ந்தால் திறக்கும். தசை எங்கே தப்பாகப் பழகியிருக்கிறதோ, அங்கே அதைத் திருப்பிப் பழக்குவது பிசியோதெரபிஸ்டின் தொழில். மருந்து கொடுப்பது டாக்டரின் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் குழந்தை தேறும்.

முதலில் வயசைப் பார்க்க வேண்டும். ஐந்து வயசு முடியாத குழந்தை ராத்திரி பாயை நனைத்தால் அதற்கு வைத்தியமே வேண்டாம். ஐந்து வயசில் நூற்றுக்குச் சுமார் 15 குழந்தைகள் நனைக்கிறார்கள். அவர்களில் வருஷத்துக்கு ஏழில் ஒருவர் வீதம் தானாகவே நின்றுவிடுகிறது. தாய், தகப்பன் இருவருமே சின்ன வயசில் நனைத்தவர்களானால் பிள்ளைக்கும் வர நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. இதை அடிக்கிற தகப்பனிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பல சமயம் பாட்டிதான் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுவார்.

பேதி என்று வந்த பையன்

பயிற்சியில் நாங்கள் முதலில் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இது. எட்டு வயசுப் பையன். மூன்றாம் வகுப்பு. தாய் சொல்கிறார்: "தெனமும் பேதி மேடம். நாலு தடவ, அஞ்சு தடவ தண்ணியா கசியுது. கேட்டா தெரியலங்கிறான். பொய் சொல்றான்னு அவங்கப்பா போட்டு அடிக்கிறாரு. கூட உக்கார்ற பசங்க மூக்கப் பொத்திக்கிறாங்களாம். பத்து நாளா பள்ளிக்கூடம் போகல. கடையில பேதி நிக்கிற மாத்திரை வாங்கிக் குடுத்தேன். கேக்கல."

இங்கே பயிற்சியாளர் நிறுத்திவிட்டு, 'அடுத்து என்ன கேட்பீர்கள்?' என்று எல்லாரையும் பார்த்துக் கேட்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், ஜுரம் என்று பதில் வரும். கேட்க வேண்டிய கேள்வி இது: "கட்டியா, பெருசா எப்ப போனான்?" தாய் யோசிப்பார். "அது... பத்து நாளைக்கு ஒருக்கா போவான். போனா கக்கூஸ்ல தண்ணி ஊத்துனாலும் போகாது. அவ்ளோ பெருசு. அப்ப அழுவான்."

விஷயம் வெளியே வந்துவிட்டது. இது பேதி இல்லை, முற்றிய மலச்சிக்கல். மலக்குடலில் கல்லாகக் கட்டிய மலத்தைச் சுற்றிக்கொண்டு மேலேயிருந்து வரும் இளகிய மலம் கசிகிறது. வாரக்கணக்கில் விரிந்தே கிடக்கும் குடலுக்கு 'நிறைந்துவிட்டது' என்ற உணர்ச்சி மழுங்கிப் போகும். ஆகவே "தெரியல" என்று பையன் சொல்வது பச்சை உண்மை. பேதி நிற்கிற மாத்திரை இந்தச் சிக்கலை இன்னும் இறுக்கத்தான் செய்யும்.

இது எப்படித் தொடங்குகிறது? பெரும்பாலும் ஒரே ஒரு வலியில். ஒரு தடவை கட்டியாகப் போய் ஆசனவாய் கீறி வலித்தது. அடுத்த தடவை உணர்ச்சி வந்தபோது பிள்ளை பயந்து அடக்கினான். அடக்க அடக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சி மலம் இன்னும் கெட்டியானது. அது வெளியே வந்தபோது இன்னும் வலித்தது. இரண்டு வயசுக் குழந்தை கதவுக்குப் பின்னால் கால்விரலில் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவந்து முக்குவதைப் பார்த்திருப்பீர்கள். "வெளிக்குப் போக முக்கறான்" என்று வீட்டில் சொல்வார்கள். அவன் அடக்குவதற்காகத்தான் முக்குகிறான்.

மலக்குடலுக்கு முன்னால் ஒட்டியபடியே சிறுநீர்ப்பை இருக்கிறது. பின்னால் கட்டி உட்கார்ந்து அழுத்தினால் முன்னால் இருப்பதற்கு விரிய இடமில்லை; முழுசாகக் காலியாகவும் முடியாது. அதனால் சிறுநீர் கசிகிற குழந்தையிடமும் மலத்தைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். 1997-ல் அமெரிக்காவின் அயோவாவிலிருந்து மலச்சிக்கலுள்ள 234 குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வு வெளிவந்தது. மலச்சிக்கல் தீர்ந்த குழந்தைகளில் பகல் கசிவு நூற்றுக்கு 89 பேருக்கும், ராத்திரி நனைப்பது 63 பேருக்கும் நின்றுபோயிருந்தது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் மலம், பிறகு பகல் சிறுநீர், ராத்திரி கடைசியில்.

அடைப்பை எடுப்பதும், தொடர்ந்து மலம் இளக வைப்பதும் டாக்டர் எழுதும் மருந்தால் நடக்கும். பாலிஎத்திலீன் கிளைகால் பொடி அல்லது லாக்டுலோஸ் சிரப் தருவார்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது காலக்கணக்கு. பத்து நாளில் சரியானதும் வீட்டில் மருந்தை நிறுத்திவிடுவார்கள். மூன்றாம் வாரம் பழைய கதை திரும்பும். விரிந்த குடல் சுருங்க மாதக்கணக்காகும். குறைந்தது இரண்டு மாதம் மருந்து வேண்டும்; தொந்தரவு எதுவுமில்லாமல் ஒரு மாதம் போன பிறகுதான் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். "பழகிடும்" என்று பாட்டி பயப்படுவார். இந்த மருந்துகள் குடலைச் சோம்பேறியாக்குவதில்லை என்று அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். கொய்யா, கீரை, வாழைப்பழம் எல்லாம் நல்லதுதான். ஆனால் கட்டி அடைத்துக் கிடக்கும்போது கீரை மட்டும் அதை இறக்காது. வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது இரண்டும் வேண்டாம். சோப்பு உள்தோலை எரிக்கும். வலிக்குப் பயந்து அடக்குகிற பிள்ளைக்கு அந்த இடத்திலேயே இன்னொரு பயத்தைச் சேர்த்தது போலாகும்.

தளர்த்தத் தெரிய வேண்டும்

இடுப்புத் தளப் பயிற்சி என்றதும் படித்து வந்தவர்கள் 'இறுக்கு, பிடி, விடு' என்று தொடங்குவார்கள். அது 1948-ல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் பிள்ளை பெற்ற பெண்களின் தளர்ந்த தசைக்காக வெளியிட்ட பயிற்சி. நம்மிடம் வரும் குழந்தைகளில் பலருக்குத் தசை தளரவில்லை. அடக்கி அடக்கி அது எந்நேரமும் இறுக்கிப் பிடித்தபடி இருக்கிறது. தள்ள வேண்டிய நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தள்ளுகிறார்கள். அவர்களிடம் போய் 'இன்னும் இறுக்கு' என்றால் என்ன ஆகும்? ஒரு தடவை இறுக்கச் சொல்வது, தளர்த்துவது எப்படியிருக்கும் என்று வித்தியாசம் காட்டுவதற்கு மட்டும்.

இதைப் பயிற்சி பெறுகிறவர் முதலில் தன் உடம்பில் செய்து பார்க்கட்டும். உயரமான மேஜையில் கால் தொங்க உட்காருங்கள். அடிவயிற்றையும் ஆசனவாயையும் தளர்த்திப் பாருங்கள். தொடை இறுகியிருக்கும், தளராது. இப்போது காலடியில் ஒரு முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பை விடச் சற்று உயர, முன்பக்கம் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றுங்கள். வித்தியாசம் தானே தெரியும். புது வீடுகளில் நாற்காலி மாதிரிக் கக்கூஸில் கால் தொங்க உட்காரும் ஐந்து வயசுக் குழந்தை படுகிற பாடு இதுதான். முக்காலி இல்லையென்றால் இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும் போதும். குந்தி உட்காரும் கக்கூஸில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் குழி பெரிதாக, விழுந்துவிடுவோமோ என்று பயப்படும் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும்.

சாப்பிட்டவுடன் குடல் தானாகவே அசையும். அதனால் காலை, இரவு சாப்பாட்டுக்குப் பின் அரை மணிக்குள் உட்கார வைக்கச் சொல்லுங்கள். ஐந்திலிருந்து பத்து நிமிஷம் போதும். அதற்கு மேல் வேண்டாம். மலம் வராவிட்டாலும் உட்கார்ந்ததற்கே பாராட்டு. பையனின் உள்ளங்கையை அவன் வயிற்றில் வைத்து, "வயித்த பந்து மாதிரி வெளிய தள்ளு, கண்ணு. இப்ப சூடான டீய ஊதற மாதிரி மெதுவா ஊது" என்று சொல்லுங்கள். ஊதும்போது மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்காவிட்டால் அடித்தளத்தை இறுக்குவதும் கடினம். காகிதக் காற்றாடி, சோப்புக் குமிழி, பலூன் எதுவும் ஆகும். பெரிய மருத்துவமனைகளில் தோலில் ஒட்டும் பட்டைகளை வைத்துத் தசையின் இறுக்கத்தைத் திரையில் படமாகக் காட்டுகிறார்கள். குழந்தைக்கு அது விளையாட்டு மாதிரி, சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கருவி இல்லாத இடத்தில் காற்றாடியும் உங்கள் பொறுமையும்தான்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது. பெரியவர்களுக்குச் செய்வது போல உள்ளே விரல் வைத்துத் தசையைப் பார்ப்பது குழந்தைகளுக்குப் பிசியோதெரபிஸ்ட் செய்யவே கூடாது. தாயோ தகப்பனோ பக்கத்தில் இல்லாமல் சிகிச்சை இல்லை. குழந்தை 'வேண்டாம்' என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேச்சிலும் அந்த வீட்டுச் சொல்லையே பயன்படுத்துங்கள். 'ஆய்' என்றால் ஆய், 'ரெண்டுக்கு' என்றால் ரெண்டுக்கு. 'மலம் கழித்தாயா?' என்று ஏட்டுத் தமிழில் கேட்டால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

சிறுநீர்க் கணக்கு

இரண்டு நாள் கணக்கு எழுதி வரச் சொல்லுங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தது, எப்போது, எவ்வளவு போனது, எப்போது நனைந்தது. மில்லிக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை இதற்கென்று தனியாக வேண்டும். வயசோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் அந்த வயசுக்குப் பை கொள்ளும் அளவு மில்லியில் கிடைக்கும். ஏழு வயசுக்கு 240 மில்லி. அதில் பாதிகூடத் தேறாமல் அடிக்கடி போகிற குழந்தை ஒரு வகை. நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் போகாமல் அடக்கி வைத்துக் கடைசியில் கசிகிற குழந்தை இன்னொரு வகை. அவசரம் வந்ததும் சட்டென்று குந்தி, குதிகாலை அடியில் அழுத்திக்கொள்ளும் பெண் குழந்தைகள் உண்டு. 1966-ல் வின்சென்ட் என்ற மருத்துவர் இந்த அடையாளத்தை எழுதி வைத்தார். வீட்டில் இதை விளையாட்டு என்றோ கெட்ட பழக்கம் என்றோ எண்ணிவிடுகிறார்கள்.

அடக்குகிற பெண் குழந்தையிடம் பள்ளித் தண்ணீர்ப் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். காலையில் நிரப்பியது சாயங்காலம் அப்படியே திரும்பி வந்திருக்கும். பள்ளிக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, நாற்றம். அதனால் குடிப்பதே இல்லை. இதற்கு உடற்பயிற்சி என்ன செய்யும்? முதலில் தாழ்ப்பாள் போட வேண்டும். பகலில் ஆறேழு டம்ளர் தண்ணீரைப் பரவலாகக் குடித்து, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை அவசரப்படாமல் போய் வருவதுதான் பாதி வைத்தியம். காப்பி, டீயைக் குறைக்க வேண்டும்.

ராத்திரிக்கு மணியடிக்கும் கருவி ஒன்று உண்டு. 1938-ல் அமெரிக்காவில் மவுரர் தம்பதி இதைப் பற்றி எழுதினார்கள். ஈரம் பட்டதும் மணி அடிக்கும். பிள்ளை எழுந்து போக வேண்டும். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் மூன்றில் இரண்டு குழந்தைகளுக்குக் கேட்கிறது. ஆனால் முதல் வாரங்களில் பிள்ளை எழுந்திருக்காது, வீட்டார்தான் எழுப்ப வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் இதைச் சொல்லும் முன் யோசியுங்கள். தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கிப்போய் நிறுத்துவது பாயைக் காப்பாற்றும், பிள்ளையைப் பழக்காது. சூடு போடுவேன் என்று மிரட்டுவதும், போட்டே விடுவதும் இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. தழும்பைக் கண்டால் பேசாமல் அனுப்பிவிடக் கூடாது. டாக்டரிடமும் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் சொல்ல வேண்டும்.

நீங்களே வைத்துக்கொள்ளாமல் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டிய குழந்தைகளும் இருக்கிறார்கள். பிறந்து இரண்டு நாள் வரை கருமலம் போகாதது, பச்சை வாந்தி, வயிறு ஊதி எடை ஏறாதது, மலத்தில் ரத்தம், இடுப்புக்குக் கீழே முதுகில் குழியோ மயிர்க்கற்றையோ, நடையில் புதிதாகத் தடுமாற்றம், சொட்டுச் சொட்டாக எந்நேரமும் கசிவு, ஜுரத்தோடு சிறுநீர் எரிச்சல். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, தாகமும் மெலிவும் இருந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். திடீர் மாற்றத்தோடு யாரையாவது கண்டு பயப்படுகிறதா என்பதையும் தனியாக, மெதுவாக விசாரியுங்கள்.

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு வர முடியாத குடும்பங்கள் பல. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே போனார்கள். வீட்டுக்குப் போவதில் ஒரு வசதி, கக்கூஸையே நேரில் பார்த்துவிடலாம்.

சிகிச்சை தொடங்கும் அன்றே பிள்ளையின் ஆசிரியருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். நோயின் பேர் வேண்டாம். எங்கள் பயிற்சியில் எழுதச் சொல்லும் மாதிரி இது:

"ஆசிரியர் அவர்களுக்கு. இந்த மாணவர் எங்களிடம் சிகிச்சையில் இருக்கிறார். வகுப்பு நேரத்தில் கழிவறை போகக் கேட்டால், காரணம் கேட்காமல் உடனே அனுப்பவும். தண்ணீர் பாட்டிலை மேஜை மேல் வைத்துக்கொள்ள அனுமதிக்கவும். மாற்று உடுப்பு ஒன்று பையில் இருக்கும். தேவைப்படும்போது மற்ற பிள்ளைகள் அறியாமல் மாற்றிக்கொள்ள இடம் தரவும். மாதம் ஒரு நாள் எங்களிடம் வருவார். அன்றைக்கு வருகைப் பதிவில் தயவு செய்து கருதவும்."