புதிய குடியிருப்பின் வரைபடத்தில் கோவிலுக்கு இடம்

மண்சரிவினால் வீட்டை இழந்து பாடசாலையிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் உறவினர் லயங்களிலும் தங்கியிருக்கும் குடும்பங்களுக்குப் புதிய காணி பற்றிய கூட்டம் நடக்கும்போது கேட்கப்படும் கேள்விகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். எத்தனை பேர்ச்சஸ்? உறுதி யார் பெயரில்? தண்ணீர் எங்கிருந்து வரும்? நாலு பாத்தி லீக்ஸ், கரட் போட இடம் கிடைக்குமா? எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள். கோவிலுக்கு எங்கே இடம் என்ற கேள்வியை மட்டும் கூட்டம் கலையும் நேரத்தில் யாராவது ஒரு வயதான அம்மா எழுந்து கேட்பார். "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வரும். அந்தப் "பிறகு" வரும்போது என்ன மிஞ்சியிருக்கும் என்பதை இங்கே சிந்திப்போம்.

2025 நவெம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழை நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் மலைகளைச் சரித்தது. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். லிந்துலைப் பக்கத்து மக்களுக்கு இடம்பெயர்வு புதிய சொல் அல்ல. மேல் கொத்மலை மின்திட்டத்துக்காகப் பக்கத்துத் தலவாக்கலையில் பல நூறு குடும்பங்கள் வீடு மாறியதை நீங்கள் நேரில் கண்டவர்கள்.

அதற்கு வெகுமுன்னர், 1960களின் இறுதியில், மௌசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. மக்களுக்கு மேட்டில் புதிய நகரம் அமைந்தது. இன்றைக்கும் கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய இந்துக் கோவிலும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து தலைகாட்டும். மக்கள் இறங்கி நடந்து போய்ப் பார்க்கிறார்கள். 1985 இல் கொத்மலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது கடதொர விகாரை உட்படப் பல விகாரைகள் மூழ்கின. அவற்றின் நினைவாக அரசாங்கம் அங்கே மகாவலி மகா சேயா என்ற பெரிய தாதுகோபுரத்தைக் கட்டியது. ஆகவே, இடம்பெயரும் மக்களின் வழிபாட்டுத் தலத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்பதை இந்த நாட்டின் அரசு அறியாமல் இல்லை. ஆனால் ஈடு கிடைத்தது பேரும் பதிவும் உள்ள தலங்களுக்கு. மரத்தடியில் மூன்று கல் நட்டு வணங்கும் முனியாண்டிக்கு எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது?

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு கோவிலும் மண்ணுக்குள் போயிற்று. தப்பியவர்களில் பல குடும்பங்கள் மாக்கல்தெனியவில் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தன. 2016 இல் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்தச் செய்தியில் வீடுகளின் எண்ணிக்கை தவறாமல் வந்தது. இறந்தவர்களுக்காக ஆண்டுதோறும் விளக்கேற்ற ஓரிடம் வேண்டும் என்பது அத்தகைய எண்ணிக்கைகளில் சேர்வதில்லை.

திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் நகரத்தில் படித்தவர்கள். அவர்களுக்குக் கோவில் என்றால் நான்கு சுவரும் கோபுரமும் உள்ள ஒரு கட்டடம். தோட்டத்தில் அப்படியல்ல. மாரியம்மன் கோவில் ஒன்று இருக்கும். கவ்வாத்து வெட்டத் தொடங்கும் மலையில் கவ்வாத்துச் சாமி இருக்கும். தொழிற்சாலைப் பக்கம் ரோதைமுனி. மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுவதற்கு ஒரு காமன் பொட்டல். திருவிழாவுக்குத் தேர் வருகிற பாதை, அது திரும்புகிற வளைவு, தப்படிக்கிறவர்கள் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சுகிற மூலை. எங்கள் சபையினர் உள்ள தோட்டமென்றால் ஒரு மாதா கெபி, சிலுவைப் பாதைக்கு ஒரு மேட்டு வழி. இவை எல்லாவற்றோடும் மயானமும் அதற்குப் போகும் வழியும். இறந்தவரைத் தூக்கிச் செல்லும் பாதை ஒருவருடைய முற்றத்தின் ஊடாகப் போனால் சண்டை எத்தனை தலைமுறைக்கு நீளும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். டிக்கோயா வார்லி தேவாலயத்தை 1878 இல் தங்களுக்கென நல்ல மேட்டில், நல்ல காட்சியோடு அமைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய தொழிலாளர் மட்டும் மரத்தடியில் கல் நட்டுக்கொண்டார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். 2015 க்குப் பின் தோட்ட வீடமைப்பில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்ற அளவு பின்பற்றப்பட்டது. இந்திய உதவியோடு கட்டப்பட்ட வீடுகள் 550 சதுர அடி. உங்களுக்குக் கிடைப்பது வேறு அளவானால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். 60 வீடுகளுக்கு 7 வீதம் 420 பேர்ச்சஸ், அதாவது இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேல். வழிபாட்டுக்கும் அதனோடு சேர்ந்த முற்றத்துக்கும் 20 பேர்ச்சஸ் வேண்டும் என்று வைப்போம். ஒரு பேர்ச் 272 சதுர அடி. இருபது பேர்ச்சஸை அறுபது குடும்பங்களும் தங்கள் பங்கிலிருந்து விட்டுக்கொடுத்தால்கூட ஒரு குடும்பத்துக்கு வருவது ஏறத்தாழ 90 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையிலும் குறைவு.

விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளிலேயே, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டுகளாகப் பிரிக்கும்போது பாதைகள் நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பொதுத் தேவைக்கும் திறந்த வெளிக்கும் ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. ஒரு ஹெக்டேயர் என்பது சுமார் 395 பேர்ச்சஸ். அந்த விதி அதிகாரசபையின் எல்லைக்குள் வரும் காணிகளுக்குரியது. தோட்டத்து மலை அதற்கு வெளியே இருக்கக்கூடும். இருந்தாலும் "நகரத்தாருக்கு உள்ள அளவைத்தான் நாங்களும் கேட்கிறோம்" என்று சொல்வதில் ஒரு பலம் உண்டு. அறுபது வீட்டுக் குடியிருப்பில் அந்தப் பத்துப் பங்கு நாற்பது பேர்ச்சஸுக்குக் குறையாது. சிறுவர் நிலையமும் கோவிலும் விளையாட்டிடமும் அதில் அடங்கும்.

எந்த நாற்பது பேர்ச்சஸ் என்பதுதான் மிக முக்கியமானது. வீட்டுத் துண்டுகளைப் பிரித்து முடித்த பின் மிஞ்சுவது பெரும்பாலும் வீடு கட்ட முடியாத இடம்: ஓடைக்கரை, நீர் கசியும் சரிவு, வெட்டிய மண்ணைக் கொட்டிய மேடு. "வீட்டுக்கு ஆகாது, கோவிலுக்குக் கொடுங்கள்" என்பார்கள். இதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். பெருமழை இரவில் நம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பாடசாலைக்கும் கோவில் மண்டபத்துக்கும்தான். நூறு பேர் ஒதுங்கும் கூரை ஆபத்தான சரிவில் நிற்கலாமா? வீட்டுக் காணியைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்துக்காகப் பரிசோதிக்கும்போது கோவிலுக்கு ஒதுக்கும் இடத்தையும் சேர்த்துப் பரிசோதிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பின்னாளில் நன்கொடை திரட்டி மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, அந்த வெட்டினாலேயே மேலேயுள்ள வீட்டுக்கு ஆபத்து வருவதும் இப்படித் தவிரும்.

அடுத்து, யாருடைய கோவில்? நான் குருவானவன், ஆகவே எங்கள் பக்கத்தை முதலில் சொல்கிறேன். அறுபது குடும்பத்தில் ஐந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தால் தனித் தேவாலயம் கேட்பது முறையல்ல. ஒரு கெபிக்கு அரைப் பேர்ச் போதும். மாதம் ஒரு திருப்பலியைப் பொது மண்டபத்தில் வைக்கலாம். எங்கள் திருச்சபைச் சட்டத்தின் 1215 ஆம் பிரிவின்படி ஆயரின் எழுத்து மூலமான அனுமதியின்றி எந்தத் தேவாலயமும் கட்டக்கூடாது. அனுமதி தருமுன் அயற்கோவில்களின் பொறுப்பாளர்களையும் அவர் கலந்து பேச வேண்டும். எனவே எந்தக் குருவானவரும் கூட்டத்தில் எழுந்து "கோவில் கட்டித் தருவோம்" என்று வாக்குக் கொடுக்க முடியாது. பெரும்பான்மையினரின் அம்மன் கோவிலுக்கு நல்ல இடம் கிடைக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களும் கையெழுத்திட வேண்டும். அதேபோல் பெரும்பான்மையினரும் இரண்டு முஸ்லிம் குடும்பங்கள் தொழவும், பெந்தகோஸ்தே சபையார் கூடி ஜெபிக்கவும் பொது மண்டபத்தில் நேரம் உண்டென்று கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், ஒருவர் தன் வீட்டு முன்னறையை ஜெபக்கூடமாக்குவார், பக்கத்து வீட்டார் ஒலிபெருக்கி வைப்பார், பிறகு பொலிஸ் நிலையத்தில் சந்திப்போம்.

கடிதம் பற்றி. தோட்டக் காணி அரசுடையது. 1992 இல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குக் கைமாறியது, கம்பனி குத்தகைக்காரர். அதனால் துரையின் வாய்மொழிச் சம்மதம் போதாது. மேலும் 2008 ஒக்டோபர் 16 இல் சமய அலுவல்கள் அமைச்சு, புதிய வழிபாட்டுத் தலங்களுக்கு முன்அனுமதி வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விடுத்தது. அது யாருக்குப் பொருந்தும் என்பதில் வாதங்கள் உண்டு. ஆனாலும் "கடிதம் இருக்கிறதா?" என்ற கேள்வியை எதிர்பார்த்தே செல்லுங்கள். இடம்பெயர்ந்த கோவில் புதிய கோவில் அல்ல, பழைய கோவிலின் தொடர்ச்சி. அதை நிரூபிக்கப் பழைய ஆலய பரிபாலன சபையின் கணக்குப் புத்தகம், திருவிழாத் துண்டுப் பிரசுரம், இந்துசமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் பதிவிருந்தால் அதன் பிரதி, கோவில் முன் எடுத்த கல்யாணப் படம் எதுவானாலும் சேர்த்து வையுங்கள். மண்ணுக்குள் போயிருந்தால், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் படங்கள் இருக்கும். நில அளவையாளர் வருவதற்கு முன்னரே பிரதேச செயலகத்துக்கும் உள்ளூராட்சி சபைக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் ஒரே கடிதத்தின் பிரதிகளைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். வரைபடத்தில் "ஒதுக்கிடம்" என்று மட்டும் குறித்தால் அது நாளைக்குக் கடையாகவும் மாறலாம். "வழிபாடு மற்றும் பொது மண்டபம்" என்று பெயரோடு குறிக்கச் சொல்லுங்கள்.

குழுவில் செய்வதற்கு: அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு மாலையில் பெண்களும் பிள்ளைகளும் உட்படக் கூடி, பழைய தோட்டத்தைத் தரையில் கோலமாவினால் வரையுங்கள். எங்கெங்கே விளக்கு வைத்தீர்கள், எந்த வழியாகத் தேர் போனது, எந்த வழியாகப் பிரேதம் போனது என்று கல் வைத்துக் காட்டுங்கள். பிறகு பக்கத்தில் புதிய காணியை வரைந்து, அந்தக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். எந்தக் கல்லுக்கு இடம் கிடைக்கவில்லை? எந்த இரண்டு ஒன்றாக இருக்கலாம்? எதைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை போய் வணங்கலாம்? அங்கே போவது பாதுகாப்பானதா? யாருடைய கல்லை யாருமே வைக்கவில்லை?