அந்தப் பாட்டியின் பெயர் என்ன?

காக்ஸ் டவுன்,
பெங்களூரு.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ கொடுத்தனுப்பிய சீட்டைக் க்ளினிக் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெங்களூரு மருத்துவக் கல்லூரி, செயின்ட் ஜான்ஸ், வேலூர் சி.எம்.சி. என்று மூன்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உன் அப்பா பென்சிலால் கட்டணக் கணக்குப் போட்டிருக்கிறார். அடியில் மட்டும் உன் கையெழுத்து: "எனக்கு உங்களைப் போல ஜெனரல் டாக்டராகத்தான் ஆசை, பெரியம்மா. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். கவுன்சலிங் முடிகிறவரை இதை எடுத்து எடுத்துப் படித்துக்கொள்.

போன வாரம் நடந்ததை முதலில் சொல்கிறேன். ஜீவனஹள்ளித் தையல்காரர் ஒருவர் காலையில் வந்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். "நாலு நாளாத் தூக்கம் வரல டாக்டரம்மா, ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அவர் உள்ளே வரும்போதே வலது செருப்பின் வாரை ஓர் ஓட்டை தளர்த்திப் போட்டிருப்பது கண்ணில் பட்டது. எதையும் அளவாகப் போடுகிற மனிதர் அவர். செருப்பைக் கழற்றச் சொன்னேன். சுண்டுவிரலுக்கு அடியில் துணியை மடித்துச் சுற்றியிருந்தார். அவிழ்த்தால், பழைய ஐம்பது பைசா அகலத்துக்குப் புண். ஓரம் வெளுத்து, நடுவில் ஈரம் கசிந்தது. பத்து வருஷச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போய்விட்டதால் வலி தெரியவில்லை. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் வீட்டில்கூடச் சொல்லவில்லை. தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் பயம்தான்.

புண்ணைச் சுத்தம் செய்து கட்டினேன். கொஞ்ச நாள் மிதிமெஷினை மகனிடம் விடச் சொன்னேன். தெரிந்த சர்ஜனிடம் அன்றைக்கே அனுப்பி வைத்தேன். இப்போது தினமும் கட்டு மாற்ற வருகிறார், புண் சுருங்கிக்கொண்டு வருகிறது. இதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை, கண்ணம்மா. அவர் செருப்பை எப்படிப் போடுவார் என்று எனக்கு முன்பே தெரியும், அவ்வளவுதான். அந்தத் தெரிதல்தான் ஜெனரல் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்.

இதை எனக்குக் கல்லூரி கற்றுத்தரவில்லை. கற்றுக்கொண்ட விதத்தையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஓசூருக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி வார்டில் சேர்ந்தாள். தொண்டைப் புண்ணில் தொடங்கி இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் நோய். மருந்துக்கு நன்றாகத் தேறினாள். மறுபடியும் வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல வருஷங்களுக்குப் போட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் நான்தான் எழுதினேன்: 'மூன்று வாரம் கழித்து ஓ.பி.யில் காட்டவும்.' ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அவளைக் கொண்டுவந்தார்கள். கால் வீங்கி, நாலு தலையணை வைத்தும் படுக்க முடியாமல் மூச்சு வாங்கினாள். அவள் அம்மா பிளாஸ்டிக் கவரிலிருந்து என் சீட்டை எடுத்து நீட்டினாள். மடிப்புக் கலையாமல் பத்திரமாக இருந்தது. ஊசிக்கு வந்துபோக இரண்டு நாள் கூலி போய்விடுகிறதாம். உள்ளூர் டாக்டர், பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று போட மறுத்துவிட்டாராம்.

அவள் எந்த ஊர், எந்த பஸ், ஊசி போட அங்கே யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு அவள் பெட் நம்பர் தெரியும், வீடு தெரியாது. மருத்துவப் படிப்பு முழுக்க நான் பெட் நம்பர்களையே பார்த்து வளர்ந்தேன். வார்டை விட்டுப் போன ஒருவரை அவர் வாசலில் போய்ப் பார்த்ததே இல்லை. காக்ஸ் டவுனில் இந்தச் சின்ன க்ளினிக்கைப் போட்டுக்கொண்டு ஒரே ஜனங்களோடு இத்தனை வருஷம் இருப்பதற்கு அந்தப் பிளாஸ்டிக் கவரும் ஒரு காரணம்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. 1961-ல் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வயது வந்தவர்கள் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேர் உடம்புக்கு ஏதோ ஒன்று என்கிறார்கள். அதில் 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுவது ஒரே ஒருவர். மருத்துவ மாணவர்கள் பாடம் படிப்பது அந்த ஒருவரை வைத்துத்தான். வார்டில் நீ பார்க்கப்போவது இருமலின் இருபதாம் நாளை. என் மேஜைக்கு வருவது இரண்டாம் நாள். இரண்டும் வேறு வேறு வித்தை.

நார்வேயில் லட்சக்கணக்கான மக்களின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2022-ல் அச்சில் வந்தது. ஒரே பொது மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் போய்வந்தவர்கள், ஓராண்டு மட்டுமே பழகியவர்களைவிட ஆஸ்பத்திரியில் சேர்வது சுமார் 30 விழுக்காடும், இறப்பு சுமார் 25 விழுக்காடும் குறைவு. பழக்கமும் ஒரு சிகிச்சை என்பதை நான் இந்தத் தெருவில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் எண்ணிக் காட்டிவிட்டார்கள்.

ஆகவே உனக்கு நான் சொல்வது இதுதான். ஒரே மனிதரை இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும், அவர் வீட்டு வாசலிலேயே போய்ப் பார்க்க எந்தக் கல்லூரி உனக்கு வழி செய்கிறதோ, அதில் சேர். தர வரிசை, கட்டடம், எத்தனை சூப்பர் ஸ்பெஷாலிட்டி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த அளவுகோலை உன் மூன்று பெயர்களின் மேல் வைத்துப் பார்ப்போம்.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதை நீ படித்திருப்பாய். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, காத்திருந்த ஜனங்களை அவர் பார்த்து வந்ததுதான். அந்த வழக்கம் அங்கே விட்டுப்போகவில்லை. கணியம்பாடி ஒன்றியத்து மக்களுக்காக 'சேட்' என்ற சமுதாய மருத்துவமனை, 1977-ல் கே.வி.குப்பத்தில் தொடங்கிய 'ருஹ்சா' என்ற ஊரகச் சுகாதாரப் பிரிவு. 1982 முதல் வேலூர் நகரத்து ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வைத்தியம் பார்க்கும் தனிப் பிரிவு. குடும்ப மருத்துவத்துக்கென்று தனித் துறையே இருக்கிறது. ஒரு கல்லூரியில் ஜெனரல் டாக்டரே பேராசிரியராக உன் முன் நின்று பாடம் எடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உனக்கு மூன்றாம் வருஷத்தில் புரியும். மற்ற இடங்களில் உன் ஆசான்கள் பெரும்பாலும் ஸ்பெஷலிஸ்டுகள். நீயும் அப்படித்தான் ஆக வேண்டும் என்று வாய் திறக்காமலே கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

செயின்ட் ஜான்ஸ் 1963-ல் கத்தோலிக்க ஆயர்கள் தொடங்கியது. முதல் வருஷமே மாணவர்களைக் கிராமத்தில் தங்க வைப்பார்கள். முகளூரில் அவர்களுக்கு ஊரகச் சுகாதார மையம் இருக்கிறது. படித்து முடித்தவர்கள் வசதி குறைந்த இடங்களில் வேலை பார்த்துவிட்டு வர வேண்டும். வேலூரிலும் இரண்டு வருஷச் சேவைக் கடப்பாடு உண்டு. உன் அப்பா அதை 'பான்ட்' என்று சுழித்து வைத்திருக்கிறார், தண்டனை போல. நீ போக நினைக்கிற வழியில் அது தண்டனை இல்லை. பெரிய டாக்டர் பக்கத்தில் இல்லாத இடத்தில் பிரசவமும் பாம்புக்கடியும் தனியாகப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு ஒரு நிதானம் வரும். அது வேறெங்கும் கிடைக்காது. நிபந்தனைகளை மட்டும் கையெழுத்துப் போடுமுன் வரிக்கு வரி படித்துக்கொள்.

பெங்களூரு மருத்துவக் கல்லூரி 1955-ல் வந்தது. விக்டோரியா ஆஸ்பத்திரியோ 1900-லேயே திறந்தது. அங்கே வருகிற கூட்டம் உன் கையைப் பழக்கும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று ஒரே வராந்தாவில் நாலு பாஷையில் வலியைச் சொல்வார்கள். கட்டணம் குறைவு. அதை லேசாக நினைக்காதே. நாட்டில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் வாங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அப்படிக் கடன் வாங்கிப் படித்தவள் ஆசைப்பட்டாலும் சின்னத் தெருவில் க்ளினிக் போட முடியாது. வட்டி அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கடனில்லாமல் வெளியே வருவது ஜெனரல் டாக்டருக்குப் பாதிச் சுதந்திரம். ஆனால் அங்கே வாசல் தேடிப் போவதை நீயேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

என் மனசைக் கேட்டால், வேலூர் கிடைத்தால் யோசிக்காமல் போ. அது கிடைக்காமல், அப்பா கடன் வாங்காமல் கட்ட முடியுமானால் செயின்ட் ஜான்ஸ். கடன்தான் வழி என்றால் பெங்களூரு மருத்துவக் கல்லூரியில் நிமிர்ந்த தலையோடு சேர்.

எங்கே சேர்ந்தாலும் வழி அடைபடாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் சிட்டிலிங்கி. ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் ஆலப்புழா அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். 1993-ல் அங்கே போய்க் குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பழக்கிச் சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். ஊர் ஜனங்களோடு சேர்ந்து அவர்கள் வளர்த்தது இன்று ஒரு மருத்துவமனையாக நிற்கிறது.

சேருமுன் மூன்று இடத்துக்கும் நேரில் போ. அலுவலகத்தில் கேட்காதே, கேன்டீனில் உட்கார்ந்து மூன்றாம் வருஷ மாணவர்களிடம் கேள். 2022 முதல் தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்று ஒன்றை எல்லாக் கல்லூரிக்கும் விதித்திருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைச் சில வருஷங்கள் தொடர்ந்து பார்த்து வர வேண்டும். நீ கேட்க வேண்டிய கேள்வி இது: "நீங்கள் எடுத்துக்கொண்ட வீட்டில் பாட்டி இருக்கிறாரா? அந்தப் பாட்டியின் பெயர் என்ன?" சட்டென்று பெயர் சொல்லி, முட்டிவலிக்கு அவர் என்ன தைலம் தேய்க்கிறார் என்பதும் சேர்த்துச் சொன்னால், அந்தக் கல்லூரி திட்டத்தை மனதார நடத்துகிறது. நோட்டைப் புரட்டினால் உனக்கே புரிந்துவிடும். அப்படியே ஹவுஸ் சர்ஜன்களிடமும் கேள்: சமுதாய மருத்துவத்துக்கென்று இருக்கும் 12 வாரத்தில் உண்மையிலேயே ஆரம்பச் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தார்களா, இல்லை அடுத்த நுழைவுத் தேர்வுக்குப் படித்தார்களா?

சமுதாய மருத்துவப் பாடத்தை மாணவர்கள் 'தியரி' என்று ஒதுக்குவார்கள். நீ ஒதுக்காதே. நீ தினமும் நடக்கிற ஃப்ரேசர் டவுன் தெருக்கள் 1898 பிளேக்குக்குப் பிறகு, காற்றும் வெளிச்சமும் வீட்டுக்குள் வர வேண்டும் என்று திட்டம் போட்டு அமைத்தவை. தெருவின் அகலமும் ஒரு மருந்துதான் என்று அந்தப் பாடம் சொல்லிக்கொடுக்கும்.

உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன். "வெறும் எம்.பி.பி.எஸ்.ஸா?" என்று கேட்பாள். குடும்ப மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வேலூரிலும் கோழிக்கோடு அரசுக் கல்லூரியிலும் இருக்கிறது, டி.என்.பி. வழியும் உண்டு. இதய டாக்டருக்கு வருகிற காசு வராது என்பதையும் மறைக்காமல் சொல்வேன். என் தங்கை பிடிவாதக்காரி. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு உனக்கு ஜுரம் வந்தபோது அவள் யார் கதவைத் தட்டினாள் என்பதை மறக்கிறவள் இல்லை.

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழ்நாட்டு அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசலுக்கே போகிறது. செய்தியைப் படித்த அன்று அந்த ஓசூர்ப் பக்கத்துப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஒருவர் ஊசியோடு அவள் வாசலுக்குப் போயிருந்தால் போதும். அந்த ஒருவரை நீ அனுப்புவாய், இல்லை நீயே போவாய். அதற்காகத்தான் நீ படிக்கப் போகிறாய்.

முதல் லீவில் நேரே என் க்ளினிக்குக்கு வா. எந்தக் கல்லூரி, என்ன மார்க் என்று நான் கேட்க மாட்டேன். உனக்குக் கொடுத்த வீட்டுப் பாட்டியின் பெயரைக் கேட்பேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா