கோடை வெயிலும் கார் டயரும்

ஐதராபாத்தில் 1932 ஆம் ஆண்டில் நிஜாம் அரசு ரயில்வேயின் சாலைப் போக்குவரத்துப் பிரிவு 27 பேருந்துகளுடன் சேவையைத் தொடங்கிற்று. இன்று அந்நகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளமுள்ள எட்டு வழி வெளிவட்டச் சாலை அமைந்துள்ளது. சாலைகள் அகன்றன; வேகமும் கூடியது. ஆயினும் ஓடும் காரில் ஒவ்வொரு சக்கரமும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவேயாகும். பிரேக்கின் ஆற்றலும் ஸ்டீயரிங்கின் கட்டுப்பாடும் அந்தச் சிறு பரப்பின் வழியாகவே செயற்படுகின்றன. எனவே டயரைப் பேணுதல் உயிரைப் பேணுதலேயாகும்.

தவறான நம்பிக்கை

ஐதராபாத்தில் மே மாதத்தில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. ‘வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் டயர் வெடிக்காது’ என்னும் நம்பிக்கை ஓட்டுநர்களிடையே பரவலாக உள்ளது. இது எவ்வளவு ஆபத்தானது என்பதை எளிய கணக்கு ஒன்றால் விளக்கலாம்.

காலையில் 27 டிகிரி வெப்பநிலையில் டயரின் அழுத்தம் 33 பவுண்டு எனக் கொள்வோம். ஐதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால், அங்கு வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14 பவுண்டு. ஆகவே டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தம் 47 பவுண்டு. நெடுந்தூரம் ஓடியபின் உள்ளிருக்கும் காற்று 60 டிகிரியை அடைந்தால், தனிவெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 333 ஆக உயர்கிறது. மொத்த அழுத்தமும் அதே விகிதத்தில் 52 பவுண்டு ஆகும்; அளவுமானி 38 எனக் காட்டும். இவ்வுயர்வு இயல்பானதே. இதனைத் தாங்கும் வகையிலேயே டயர்கள் வடிவமைக்கப்படுகின்றன.

சூடான நிலையில் காற்றை இறக்கி 33 ஆக்கினால், டயர் ஆறியபின் அழுத்தம் 28 பவுண்டாகத் தாழ்ந்துவிடும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. இதனால் ரப்பருக்குள்ளேயே வெப்பம் உண்டாகிறது. வேகமும் பாரமும் கூடக் கூட அவ்வெப்பமும் கூடுகிறது. நாளடைவில் ரப்பரும் உள்ளிழைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து டயர் வெடிக்கிறது. வெடிப்பைத் தவிர்க்கச் செய்த செயலே வெடிப்புக்குக் காரணமாகிவிடுகிறது!

ஆகவே டயர் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். கார் தயாரிப்பாளர் குறித்துள்ள அளவே சரியான அளவு. அது பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் காணப்படுவது அதன் உச்ச வரம்பேயன்றி, நிரப்ப வேண்டிய அளவன்று.

தேய்மானம் கூறும் செய்தி

பேச்சு வழக்கில் ‘பட்டன்’ எனப்படும் மேற்பரப்பின் இடையே உள்ள பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றுகின்றன. அவை தேய்ந்துவிட்டால், விரைந்து செல்லும் கார் நீர்ப்படலத்தின் மீது மிதக்கத் தொடங்கும். அந்நிலையில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பயன்படா. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, காருக்குரிய பள்ள ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என வரையறுக்கின்றன. பள்ளங்களுக்குள் உள்ள சிறு மேடுகளின் மட்டத்துக்கு மேற்பரப்பு தேய்ந்துவிட்டால் அந்த டயரை மாற்றியே தீர வேண்டும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி; இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு; ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மெண்ட் பிழை எனப் பொதுவாகக் கொள்ளலாம். பக்கச் சுவரில் வீக்கம் தென்பட்டால் உள்ளிழை அறுந்துள்ளது என்று பொருள். பள்ளம் ஆழமாக இருப்பினும் அத்தகைய டயர் பயன்பாட்டுக்கு உரியதன்று. டயரின் வயதையும் நோக்க வேண்டும். பக்கவாட்டில் ‘2319’ என நான்கு இலக்கங்கள் இருந்தால், அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள்.

டயர் வெடித்தால்

ஓடும்போது டயர் வெடித்தால் பிரேக்கை அழுத்தி மிதித்தல் கூடாது. ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றி, காரை நேராகச் செலுத்தி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். வேகம் தணிந்தபின் ஓரமாக நிறுத்தலாம்.

அலுவலகங்களின் பொறுப்பு

அரசு அலுவலகங்களில் ஒவ்வொரு வாகனத்துக்கும் லாக் புத்தகம் உண்டு. சென்ற தூரமும் எரிபொருளும் அதில் முறையாகப் பதியப்படுகின்றன. மாதம் இரு முறை ஸ்டெப்னி உள்ளிட்ட ஐந்து டயர்களின் அழுத்தத்தையும், மாதம் ஒரு முறை பள்ள ஆழத்தையும் அதிலேயே பதிவதற்கு ஓர் அளவுமானியும் சில நிமிட நேரமும் போதும். வாடகைக்கு அமர்த்தப்படும் வாகனங்களுக்கும் இதனை ஒப்பந்த நிபந்தனையாக்கலாம். ஓட்டுநரின் திறமையை மட்டும் நம்பியிராமல், டயரின் நிலையையும் அறிந்து பயணத்தைத் தொடங்கும் பழக்கம் வேரூன்றுமாயின், தவிர்க்கக்கூடிய விபத்துகள் பலவற்றைத் தவிர்க்க இயலும்.