முதல் மெஷ் போடறதுக்கு முன்னாடி அரை நாள்

வேலையில சேர்ந்த வாரமே உன்னை அபாகஸ் சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல உட்கார வச்சுட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. சந்தோஷம்டி. ஆனா பயிற்சிக்குன்னு கொடுத்த அந்த மாடலை நேத்து வீடியோ கால்ல காட்டினப்போ எனக்குக் கவலை வந்துடுச்சு. இருட்டான பின்னணி, கண்ணைச் சுருக்கினாலும் படிக்க முடியாத லெஜண்ட், ஃபைல் எல்லாம் சி டிரைவ் டெம்ப் ஃபோல்டருக்குள்ள. இன்ஸ்டால் பண்ணினவங்க விட்டுட்டுப் போனபடியே இருக்கு. அரை நாள் ஒதுக்கி அதைச் சரி பண்ணிட்டு வா. அப்புறம் மாடலைத் தொடு.

முதல்ல யூனிட். அன்சிஸ் மாதிரி மெனுவுல போய் கிலோகிராம்-மீட்டரா, டன்-மில்லிமீட்டரான்னு தேர்ந்தெடுக்கிற வசதி அபாகஸ்ல இல்ல. சுழற்சி ரேடியன்ல, மத்த கோணம் டிகிரியில, அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச அளவு. மத்ததெல்லாம் நீ கொடுக்கிற வெறும் எண். அதனால இந்த செட்டிங் உன் தலைக்குள்ளதான் இருக்கணும்; தலைக்குள்ள மட்டும் இருந்தா போதாது, அதைத்தான் சொல்ல வர்றேன்.

நம்ம ஊர் ஆட்டோமொபைல் ஆபீஸ்கள்ல டிராயிங் மில்லிமீட்டர்லதான் வரும். அப்போ விசை நியூட்டன், நிறை டன், ஸ்ட்ரெஸ் எம்பிஏ. ஸ்டீலுக்கு யங்ஸ் மாடுலஸ் 2,10,000. புவியீர்ப்பு 9810. அடர்த்தி 7.85×10⁻⁹. இந்தக் கடைசி எண்லதான் எல்லாரும் சறுக்குவாங்க. நானும் சறுக்கினேன். நிறையை டன்ல யோசிக்காம கிலோகிராம்ல யோசிச்சு 7.85×10⁻⁶ன்னு கொடுத்துட்டேன். ஆயிரம் மடங்கு அதிகம். மூணு வாரம் ஒரு பிராக்கெட்ல ஸ்டாட்டிக் ரன் மட்டும் ஓட்டினேன், ஸ்ட்ரெஸ் எல்லாம் சரியா வந்துச்சு. சொந்த எடையைச் சேர்க்காத ஸ்டாட்டிக் கணக்குல அடர்த்திக்கு வேலையே இல்லையே! நாலாவது வாரம் ஃப்ரீக்வென்ஸி ரன். 110 ஹெர்ட்ஸ் பக்கம் வர வேண்டிய முதல் மோடு மூணரைல வந்து நின்னுச்சு. அடர்த்தி ஆயிரம் மடங்கு ஏறினா ஃப்ரீக்வென்ஸி அதோட வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது சுமார் 31.6 மடங்கு இறங்கும். கணக்கு கச்சிதமா பொருந்துது. நான் ரெண்டு நாள் போல்ட் இணைப்புலயும் பவுண்டரி கண்டிஷன்லயும் தப்பைத் தேடிட்டு இருந்தேன்.

அதனால ரெண்டு பழக்கம் வச்சுக்கோ. மாடல் ட்ரீல மாடல் பேர் மேல ரைட் கிளிக் பண்ணி ‘எடிட் ஆட்ரிபியூட்ஸ்’ போனா விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கும். அதுல ‘மில்லிமீட்டர், டன், செகண்ட், நியூட்டன்’னு எழுதிடு. மெட்டீரியல் எடிட்டர்லயும் அதே மாதிரி கட்டம் உண்டு. எண் எங்கேருந்து வந்ததுன்னு அங்க எழுது. அடுத்தது, பார்ட் தயாரானதும் ‘டூல்ஸ்’ மெனுல ‘க்வெரி’, அதுல மாஸ் ப்ராப்பர்டீஸ். ரெண்டு கிலோ பிராக்கெட்டுன்னா 0.002ன்னு காட்டணும். 2ன்னு காட்டினா உடனே நிறுத்து. இந்த ஒரு நிமிஷ வேலை எனக்கு அப்போ தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள் மிச்சமாயிருக்கும்.

இப்போ ஃபைல் எங்க போகுதுங்கிற விஷயம். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனி ஃபோல்டர் போட்டு, ‘ஃபைல்’ மெனுல ‘செட் ஒர்க் டைரக்டரி’ல அதைக் காட்டு. ஃபோல்டர் பேர்ல இடைவெளி வேண்டாம், தமிழ் எழுத்தும் வேண்டாம். ஸ்கிராட்ச் வேற. ரன் ஓடும்போது எழுதற தற்காலிக ஃபைலெல்லாம், நீ ஒண்ணும் சொல்லலைன்னா, விண்டோஸோட டெம்ப் ஃபோல்டருக்குத்தான் போகும். பெரிய மாடல்னா ராத்திரியோட ராத்திரியா சி டிரைவ் நிரம்பி, காலையில வந்து பார்த்தா ரன் பாதியில செத்துக் கிடக்கும். என்விரான்மென்ட் ஃபைல்ல ஸ்கிராட்சுக்கு இடமிருக்கிற வேற டிரைவைக் கொடு.

அந்த என்விரான்மென்ட் ஃபைல் பைத்தான்ல எழுதின சின்ன டெக்ஸ்ட் ஃபைல்தான், பயப்படாதே. அபாகஸ் அதை மூணு இடத்துல தேடும்: இன்ஸ்டால் ஆன இடம், உன் ஹோம் ஃபோல்டர், இப்போ வேலை செய்யற ஃபோல்டர். கடைசியா படிச்சதுதான் செல்லும். அதனால உனக்குப் பிடிச்சது ஹோம்ல, ப்ராஜெக்டுக்குத் தேவையானது ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல. ஆபீஸுக்குப் பொதுவான ஃபைலைத் தொடவே தொடாதே, அது ஐடி ஆளுங்களோடது.

சிபியு எண்ணிக்கையையும் அதுலயே கொடுக்கலாம். கை நிறைய அள்ளாதே. ஒரு கோர்ல ஓட்டினா லைசன்ஸ்ல 5 டோக்கன் போகும், 4 கோருக்கு 8, எட்டுக்கு 12, பதினாறுக்கு 16. ஆபீஸ்ல டோக்கன் மொத்தமே கொஞ்சம்தான்னா, நீ பகல்ல எட்டு கோர் போட்டுட்டு உட்கார்ந்தா பக்கத்து சீட் அண்ணாவோட ரன் க்யூல காத்துக் கிடக்கும். பகல்ல நாலு, ராத்திரிக்கு எட்டு, இது என் வழக்கம்.

‘ஆஸ்க் டெலீட்’னு ஒண்ணு இருக்கும். அதே பேர்ல பழைய ரன் இருந்தா அழிக்கட்டுமான்னு கேட்கிறது அதுதான். கேள்வி எரிச்சலா இருக்குன்னு நிறைய பேர் ஆஃப் பண்ணிடுவாங்க. நீ பண்ணாதே. பன்னிரண்டு மணி நேரம் ஓடின ரிசல்ட் சத்தமில்லாம போயிடும்.

ரிசல்ட் பார்க்கிற பக்கம்தான் நீ ரொம்ப கவனிக்க வேண்டியது, ஏன்னா மேனேஜர் பார்க்கிறது அந்தப் படத்தை மட்டும்தான். ஸ்ட்ரெஸ்ஸை அபாகஸ் எலிமென்ட்டுக்கு உள்ள கணக்கிட்டு, அங்கேருந்து நோடுக்குக் கொண்டு வருது. ஒரே நோடைச் சுத்தி நாலு எலிமென்ட் இருந்தா நாலு மதிப்பு வரும். அந்த வித்தியாசம், காட்டற பகுதியோட மொத்த வீச்சுல 75 சதவீதத்துக்குக் கீழ இருந்தா சராசரி எடுத்து வழவழன்னு காட்டிடும். இந்த 75தான் டீஃபால்ட். இப்போ யோசி: எங்கயோ ஒரு கூர்மையான மூலையில 2000 எம்பிஏ வந்திருக்கு, அது நிஜமே இல்ல. ஆனா மொத்த வீச்சு கிட்டத்தட்ட 2000 ஆயிடுது. அப்புறம் வேற இடத்துல எலிமென்ட்டுக்கு எலிமென்ட் 300 எம்பிஏ தாவினாலும் அது சின்ன வித்தியாசமாத்தான் தெரியும், சராசரியில மறைஞ்சுடும். உனக்கு முக்கியமான ஃபில்லெட்டே அங்க இருக்கலாம். ‘ரிசல்ட் ஆப்ஷன்ஸ்’ல அந்த எண்ணை ஒரு தடவை 0 வச்சுப் பார், ஒரு தடவை 75 வச்சுப் பார். ரெண்டும் ரொம்ப விலகினா மெஷ் பத்தலை. ரிப்போர்ட்ல எந்த எண்ல எடுத்ததுன்னு எழுது. உன் படமும் இன்னொருத்தர் படமும் ஒத்துப் போகாததுக்குப் பாதி நேரம் காரணம் இதுதான்.

டீஃபார்மேஷன் ஸ்கேலும் அப்படித்தான். சின்ன இடப்பெயர்ச்சி கணக்குல அபாகஸ் தானாவே பெருக்கிக் காட்டும். அரை மில்லிமீட்டர் வளைஞ்சது வாழை மட்டை மாதிரி வளைஞ்சு தெரியும். மீட்டிங்குக்கு முன்னாடி 1 வச்சு ஒரு படம் எடுத்து வச்சுக்கோ.

பின்னணியை வெள்ளையாக்கு, லெஜண்ட் எழுத்தைப் பெருசாக்கு, மவுஸ் பழக்கம் கேட்டியா, சாலிட்வொர்க்ஸ்லேருந்து வந்ததுன்னா ‘டூல்ஸ்’ ஆப்ஷன்ஸ்ல அதுக்கேத்த மாதிரி மாத்திக்கோ. முடிச்சதும் ‘சேவ் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ்’ கட்டாயம், இல்லைன்னா மூடித் திறந்ததும் வெள்ளைப் பின்னணி போயிடும். இதையெல்லாம் வச்சிருக்கிற ஜிபிஆர் ஃபைல் உன் ஹோம் ஃபோல்டர்ல இருக்கும். ஒரு நாள் விண்டோ ஏதாவது காணாமப் போனா, அந்த ஃபைல் பேரை மாத்திட்டு அபாகஸைத் திறந்து பார், பெரும்பாலும் சரியாயிடும்.

ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். மாடல் எதையும் அனுப்பாதே, அது கம்பெனிச் சொத்து. உன் என்விரான்மென்ட் ஃபைல்ல இருக்கிற அஞ்சாறு வரியை மட்டும் வாய்விட்டுப் படிச்சுக் காட்டு.